கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட்: கசிகிற தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

மேட்டுக்காட்டான்:
எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. அங்கே இரண்டு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா, கூடாதா?

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விவரம். பவானிசாகர் அணையை 1948-ல் ஆரம்பித்து 1955-ல் முடித்தார்கள். அங்கிருந்து கிளம்பும் பிரதான வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி மங்களப்பட்டியில் முடிகிறது. ஈரோடு, திருப்பூர், கரூர் என்று மூன்று மாவட்டத்திலும் சேர்த்து 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது இந்த வாய்க்கால் பாசனத்துக்கு என்று பதிவான நிலம். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் கிடையாது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்கு ஆகஸ்ட் பாதியிலிருந்து டிசம்பர் வரை நெல்லுக்குத் தண்ணீர். இன்னொன்றுக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடலைக்கும் எள்ளுக்கும் விட்டுவிட்டு நனைப்பு. அடுத்த வருஷம் முறை மாறும்.

இது மண் வாய்க்கால். 2020-ல் சுமார் 710 கோடி ரூபாயில் சீரமைப்பு என்று அரசாணை வந்தது. அதில் பெரும்பகுதி கான்கிரீட் வேலை. அப்போதிருந்து விவசாயிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். வழக்கு, மறியல், 2023-ல் பெருந்துறையில் உண்ணாவிரதம் என்று போய், கடைசியில் பழுதான இடங்களை மட்டும் சரிசெய்வது என்கிற இடத்தில் வந்து நின்றது. நின்றதே தவிர முடியவில்லை.

என் நிலைப்பாட்டை மறைக்கவில்லை. எங்கள் தோட்டம் அரச்சலூர்ப் பக்கம், வாய்க்காலுக்குக் கீழே. ஆனால் ஆயக்கட்டில் இல்லை. மதகு வழியாக ஒரு சொட்டு வராது. கிணற்றுக்கு வருவது முழுக்கக் கசிவுத் தண்ணீர்தான். கான்கிரீட் போட்டால் எங்கள் வளவில் பாதிப்பேர் பண்ணையத்தை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்குத்தான் போக வேண்டும்.

கடைமடைக்காரன்:
அப்படியானால் உங்கள் கிணறு நிறைவதற்காக எங்கள் வயல் காய வேண்டும், அதுதானே?

நான் முத்தூர்ப் பக்கம். ஒவ்வொரு வருஷமும் அணையில் தண்ணீர் திறந்து பூத் தூவுகிற படம் பேப்பரில் வரும். அந்தப் படம் பழசாகி, அந்தப் பேப்பரில் யாரோ கடலைப் பொட்டலம் கட்டிய பிறகுதான் எங்கள் மதகில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். நாற்று விட்டவன் விட்டபடி காத்திருப்பான். 120 நாள் தண்ணீர் என்பது மேலே இருப்பவர்களுக்கு. திறந்த நாளிலிருந்து கணக்கெழுதுவார்கள், எங்களுக்கு வந்துசேர்ந்த நாளிலிருந்து இல்லை. நிறுத்தும்போது மட்டும் எல்லாருக்கும் ஒரே நாள்தான்.

ஆயக்கட்டு உரிமை என்று ஒன்று இருக்கிறது. தீர்வை கட்டுகிறவன் நான். ஆயக்கட்டிலேயே இல்லாத நீங்கள் என் தண்ணீருக்குப் பங்கு கேட்கிறீர்கள். இதை முதலில் நேராகப் பேசிவிடலாம்.

மேட்டுக்காட்டான்:
பேசலாம் அண்ணா. ஆனால் 1955-லிருந்து அது கசிந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நம்பித்தான் எங்கள் அப்பாரு கிணறு வெட்டினார், அதை நம்பித்தான் கூட்டுறவு வங்கியில் கடன் கொடுத்தார்கள், அரசாங்கமே மின் இணைப்பும் கொடுத்தது. மூன்று தலைமுறை பயன்படுத்தியதை இன்றைக்குத் திடீரென்று ‘விரயம்’ என்று எழுதிவிட்டால் எப்படி?

தறிக்குழி:
ரெண்டு பேர் சொல்வதும் சரி என்றால் நாங்கள் யாருக்குக் கைதட்டுவது?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கட்சி எதுவும் இல்லை. சில விஷயங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை குறையும் என்று நினைக்கிறேன்.

முதலில் வாய்க்காலின் அமைப்பு. இது சமமட்ட வாய்க்கால். நிலத்தின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டே வளைந்து வளைந்து போகும். அதனால் நெடுந்தூரத்துக்கு ஒருபக்கம்தான் கட்டிய கரை, இன்னொரு பக்கம் இயற்கையான மேடு. மேட்டில் பெய்யும் மழைத்தண்ணீர் பள்ளங்கள் வழியாக வந்து வாய்க்காலின் குறுக்கே கடக்க வேண்டும். அதற்காகத்தான் வழியெல்லாம் சுரங்கப்பாலங்களும் தொட்டிப்பாலங்களும். கரை உடைப்பு என்று செய்தி வரும்போது இடத்தைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் இந்தப் பழைய கட்டுமானங்களின் ஓரத்தில்தான் அரிப்பு ஆரம்பித்திருக்கும். கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியதற்கும் மண்கரைக்கும் நடுவில் வேர் போகும், எலி வளை போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். இந்த இடங்களைச் சரிசெய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. அறுபது, எழுபது வருஷக் கட்டுமானம்.

இரண்டாவது, கான்கிரீட் பூச்சு. பக்கச் சரிவுக்கும் அடித்தளத்துக்கும் போட்டால் கசிவு குறையும், தண்ணீர் வேகமாக ஓடும், கடைமடைக்குச் சீக்கிரம் போகும். உண்மைதான். ஆனால் இந்த வாய்க்கால் வருஷத்தில் சில மாதம் காய்ந்து கிடக்கும். அந்தச் சமயத்தில் மேட்டுப்பக்கம் மழை பெய்து மண் ஊறினால், பூச்சுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் தள்ளும். வடிதுளை சரியாக விடாவிட்டால் பலகை பலகையாகத் தூக்கிவிடும். அதன் பிறகு விரிசல் வழியாகக் கசியும், காசு போனது போனதுதான். எங்கெங்கே மண் எப்படி என்று பார்க்காமல் முழு நீளத்துக்கும் ஒரே டிசைன் போடுவது என் அனுபவத்தில் நல்லதில்லை.

மூன்றாவதைப் பற்றி எந்தத் தரப்பும் வாய் திறப்பதில்லை: அளவு. ஒவ்வொரு கிளை வாய்க்கால் தலைப்பிலும் எத்தனை கன அடி போகிறது என்று யாராவது தினமும் அளந்து எல்லாரும் பார்க்கும்படி எழுதிவைக்கிறார்களா? மதகின் ஷட்டர் உடைந்திருக்கும், கல்லை வைத்து அடைத்திருப்பார்கள், ராத்திரியில் கல் நகர்ந்திருக்கும். இதெல்லாம் கசிவுக் கணக்கில்தான் போய்ச் சேர்கிறது. மதகைத் திறந்து மூடிக் காவல் பார்க்கும் லஸ்கர் வேலைக்கு ஆள் எடுத்துப் பல காலம் ஆயிற்று. ஒரு ஆள் எத்தனை மதகைப் பார்ப்பான்?

கடைமடைக்காரன்:
ஓவர்சியர் ஐயா சொன்ன ராத்திரிக் கல்லைப் பற்றி நானும் எழுதுகிறேன். அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. வாய்க்கால் கரையை ஒட்டி நாலு சென்ட் நிலத்தை வாங்கி ஒரு கிணறு வெட்டுவது. பேருக்குக் கிணறு, உண்மையில் வாய்க்காலில் போட்ட உறிஞ்சுகுழல். அங்கிருந்து பைப் புதைத்து, வாய்க்காலுக்கு மேல்பக்கம் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோய்த் தென்னைக்குப் பாய்ச்சுகிறார்கள். மின்சாரமும் இலவசம். கசிவுநீர் ஏழை விவசாயியின் உயிர் என்று மேடையில் பேசுகிறவர்களில் இந்தப் பைப் போட்டவர்கள் எத்தனை பேர்? மேட்டுக்காட்டான் தம்பியைச் சொல்லவில்லை, பொதுவாகக் கேட்கிறேன்.

மேட்டுக்காட்டான்:
அதற்கும் கான்கிரீட்டுக்கும் என்ன சம்பந்தம்? பைப்பைப் பிடுங்குங்கள், நானே வந்து மண் தோண்டுகிறேன். அந்தப் பைப்பைப் போட்டவனுக்குக் கான்கிரீட் ஒரு தடையே இல்லை, நேராக வாய்க்காலுக்குள்ளேயே குழாயை விட்டுக்கொள்வான். கான்கிரீட்டால் அடிபடுவது நாற்பதடிக் கிணற்றை வைத்திருக்கிறவன்.

தோட்டத்து அக்கா:
நெல், கடலை, எள்ளு என்று அரசாங்கத்தின் பயிர்க் கணக்கையே எல்லோரும் பேசுகிறீர்கள். ஈரோட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நெல்லா? மஞ்சள். 2019-ல் புவிசார் குறியீடுகூட வாங்கியாச்சு. அந்த மஞ்சள் எத்தனை மாசப் பயிர்? வைகாசி, ஆனியில் நட்டால் தை, மாசியில்தான் வெட்டு. ஏறக்குறைய ஒன்பது மாசம். கரும்பு அதைவிட ஜாஸ்தி. வாய்க்கால் ஓடுவதோ உங்கள் முறைக்கு நாலு மாசம், அதுவும் அணை நிறைந்தால். மீதி மாசத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கிணற்றிலிருந்து. கிணற்றுக்கு எங்கிருந்து வந்தது? அதுதான் கேள்வி.

நாங்கள் கவுந்தப்பாடிப் பக்கம் ஆலை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆலை என்றால் மில் இல்லை, கரும்பு ஆட்டி நாட்டுச் சர்க்கரை காய்ச்சும் இடம். பழனி பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் சர்க்கரை எடுப்பது கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்தான். சனிக்கிழமை ஏலத்தன்று மூட்டையைக் குத்தி எடுத்துக் கையில் தேய்த்துப் பார்ப்பார்கள். அஸ்கா, அதாவது வெள்ளைச் சர்க்கரை, கலந்ததா, நிறத்துக்கு மருந்து போட்டதா என்று பழகின கைக்கு உடனே தெரிந்துவிடும். காய்ச்சுகிற வேலை லேசானதில்லை. கொப்பரையைப் பார்த்துக்கொண்டு ஒருவர், அடுப்பில் சக்கை தள்ள ஒருவர், பாகை மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறித் தேய்க்க ரெண்டு பேர். இப்போது உள்ளூர் ஆள் கிடைப்பதில்லை, பீகார்ப் பையன்கள்தான். நல்லாவே செய்கிறார்கள், பதம் சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருஷம் தண்ணீர் விடாமல் போனால் அடுத்த வருஷம் கரும்பு குறைகிறது. ஆலை நிற்கிறது, சக்கை கிடைக்காமல் மாட்டுக்காரனும் கஷ்டப்படுகிறான், வண்டிக்காரனுக்கு வாடகை இல்லை. இதெல்லாம் மதகில் போகும் தண்ணீரால் நடப்பதில்லை. அதிகாரிகளின் காகிதத்தில் இந்தத் தொழிலுக்குப் பாசனமே கிடையாது. காகிதத்தில் இல்லாத தண்ணீரில்தான் இந்தப் பக்கம் பாதித் தொழில் நடக்கிறது.

கடைமடைக்காரன்:
அக்கா, நீங்கள் சொன்ன மஞ்சளும் கரும்பும் எங்கள் பக்கத்தில் ஏன் இல்லை என்று யோசித்தீர்களா? உங்களுக்கு நாலு மாசம் வாய்க்கால், எட்டு மாசம் கசிவு. எங்களுக்கு இரண்டும் அரைகுறை. கடலைக்காய் போட்டு நனைப்புக்கு வானத்தைப் பார்க்கிறோம். கொஞ்சம் தள்ளிப் போனால் கொரங்காடு என்கிற மானாவாரி மேய்ச்சல் நிலம்தான். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், நாலு காங்கேயம் மாடு. அது ஒரு அழகான வாழ்க்கைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது தண்ணீர் இல்லாத இடத்தின் பண்ணையம். ஆயக்கட்டு என்று பட்டாவில் எழுதி வைத்துவிட்டுக் கொரங்காடு ஓட்டச் சொன்னால் கோபம் வருமா, வராதா?

தறிக்குழி:
பண்ணையம் பண்ணையம் என்று ஆற்றையே விவசாயிக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். பவானிக்கு ஜமக்காளம் என்று ஒன்று இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? 2005-லேயே புவிசார் குறியீடு. குழித்தறியில் உட்கார்ந்து இருபக்கம் ரெண்டு பேர் நாடா தள்ளுகிற அகல ஜமக்காளத்தை இன்றைக்கு எத்தனை வீட்டில் நெய்கிறார்கள் என்று பவானியில் ஒரு தெரு நடந்து பாருங்கள். சோலாப்பூரில் விசைத்தறியில் ஓட்டி, ‘பவானி ஜமக்காளம்’ என்று அச்சடித்து இங்கேயே கொண்டுவந்து விற்கிறார்கள். கைத்தறிக்கு என்று 1985-ல் போட்ட ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஜமக்காளம் இருக்கிறது. இருந்தும் இப்படி.

மட்டுறுத்துநர்:
நல்ல விஷயம், ஆனால் தனி இழை தொடங்கலாமே. இங்கே வாய்க்கால்.

தறிக்குழி:
வாய்க்காலுக்குத்தான் வருகிறேன். நூலுக்குச் சாயம் போடாமல் ஜமக்காளம் இல்லை, சென்னிமலைப் பெட்ஷீட் இல்லை. சாயத்துக்குத் தண்ணீர் வேண்டும், அலசிய தண்ணீர் எங்கேயாவது போக வேண்டும். காலிங்கராயன் வாய்க்கால் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டியது. பவானி ஆறு காவிரியில் சேர்வதற்குச் சற்று முன்னால் அணை கட்டி, கொடுமுடிப் பக்கம் வரைக்கும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஈரோட்டைத் தாண்டும்போது அதில் சாயமும் தோல் கழிவும் கலந்து, கடைசியில் கழிவைத் தனியாகப் பிரித்துக் கொண்டுபோக வாய்க்காலுக்குப் பக்கத்திலேயே ‘பேபி வாய்க்கால்’ கட்டும் நிலைமை வந்தது. அந்தப் பக்கம் நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல் பாசனத்துக்கு என்று கட்டி, திருப்பூர்ச் சாயத்தண்ணீரைத் தேக்கி வைக்கும் தொட்டியாகிவிட்டது.

நான் சொல்ல வருவது: கசிவு என்றால் நல்ல தண்ணீர் மட்டும் கசியும் என்று நினைக்காதீர்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் கிணறு தொழிற்பேட்டைக்குக் கீழே இருக்கிறது. வாய்க்கால் ஓடும் மாதங்களில் அந்தத் தண்ணீரை மாடு குடிக்கும். வாய்க்கால் நின்று நாளானால் மாடு மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். பவானித் தண்ணீர் உள்ளே கசிந்து நீர்க்கச் செய்வதால்தான் அந்தக் கிணறு இன்னும் கிணறாக இருக்கிறது. அங்கே கான்கிரீட் போட்டால் மிச்சமிருப்பது தொழிற்பேட்டைத் தண்ணீர் மட்டும்தான்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
இது முக்கியமான கவனிப்பு. பெருந்துறைப் பக்கம் நிலத்தடி நீர் கெட்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதற்கு மருந்து கசிவு இல்லை. தொழிற்பேட்டை ஆலைக்காரரை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் மருந்து. கசிவை நம்பினால் அவர்களுக்கு இலவசமாகக் கழுவிக் கொடுப்பது போல ஆகிவிடும்.

தறிக்குழி:
சரி. ஆனால் நிறுத்துகிற வரைக்கும் மாடு எதைக் குடிக்கும்?

கூழைக்கடா:
பறவை பார்க்கிறவன், விவசாயி இல்லை. ஒரே ஒரு தகவல். வெள்ளோடு பறவைகள் சரணாலயம், பெரியகுளம் ஏரி, 77 எக்டேர் பரப்பளவில். 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அந்த ஏரிக்கு மழையை விட்டால் கீழ்பவானிப் பக்கத்திலிருந்து வந்துசேரும் தண்ணீர்தான் கதி. நவம்பர், டிசம்பரில் போனால் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, வாத்துகள் என்று கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். நெல் முறை ஓடுகிற மாதங்களும் அதுதான். கசிவை நிறுத்தினால் அந்த ஏரிக்கு யார் தீர்வை கட்டுவது, எந்த மதகிலிருந்து தண்ணீர் விடுவது? ஆயக்கட்டுப் பட்டியலில் நாரைக்குப் பட்டா இல்லையே.

கடைமடைக்காரன்:
நாரைக்கும் சேர்த்து நாங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

மேட்டுக்காட்டான்:
யாரும் உங்களை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை அண்ணா. ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீர் 1.5 டிஎம்சி எடுத்து, ஆறு நீரேற்று நிலையம் வைத்து மேட்டுக்கு ஏற்றி, மூன்று மாவட்டத்தில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிறார்கள். செலவு 1,900 கோடிக்கு மேல். எதற்கு? நிலத்தடி நீர் ஏற வேண்டும் என்று. கிணறு ஊற வேண்டும் என்று. அதே ஆறு, அதே மாவட்டம். ஒரு பக்கம் மின்சாரம் செலவழித்துத் தண்ணீரை ஏற்றி மண்ணுக்குள் இறக்குகிறோம். இன்னொரு பக்கம் மோட்டாரே இல்லாமல் தானாக மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீரைப் பல நூறு கோடி கொடுத்து நிறுத்துகிறோம். அங்கே அதற்குப் பேர் செறிவூட்டல், இங்கே அதற்குப் பேர் இழப்பு.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
கேட்க நன்றாக இருக்கிறது. வித்தியாசமும் இருக்கிறது. அது வெள்ள உபரி, யாருக்கும் ஒதுக்காத தண்ணீர். இது ஒருவருக்கு ஒதுக்கிய தண்ணீர், வழியில் இறங்குகிறது. கடைமடைக்காரர் கேட்கும் கேள்விக்கு அந்த ஒப்பீடு பதில் சொல்லாது.

ஆனால் ஒன்று. அணை கட்டியபோதே மண் வாய்க்கால் என்று தெரிந்துதான் கட்டினார்கள். மண் வாய்க்காலில் வழியிழப்பு எவ்வளவு என்று சேர்த்துக்கொண்டுதான் தலைப்பில் எவ்வளவு விட வேண்டும் என்று போடுவார்கள். ஆக, அந்த இழப்பு திட்டத்துக்கு வெளியில் இருப்பது இல்லை. அதன் பிறகு கிணறு பெருகியது, பைப் பெருகியது, பராமரிப்பு குறைந்தது. கடைமடை காய்வதற்குக் காரணம் 1955-லும் இருந்த கசிவா, அதன் பிறகு வந்தவைகளா? அளக்காமல் யாரும் சொல்ல முடியாது. அளக்காமல் 710 கோடிக்கு டெண்டர் விட முடிகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கடைமடைக்காரன்:
ஐயா, நான் கான்கிரீட் பைத்தியம் இல்லை. எனக்கு வேண்டியது தண்ணீர். அதைக் கான்கிரீட் இல்லாமல் கொண்டுவர வழி இருந்தால் எனக்கென்ன? எழுபது வருஷமாக ஒருவரும் கொண்டுவரவில்லை என்பதால்தான் கான்கிரீட் கேட்கிறோம். மதகைச் சரிசெய்கிறோம், பைப்பைப் பிடுங்குகிறோம், ஆள் போடுகிறோம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார்கள். டீ, வடை கொடுப்பார்கள். கான்கிரீட் ஒருமுறை போட்டால் அதை யாரும் ராத்திரியில் நகர்த்த முடியாது என்கிற நம்பிக்கைதான்.

தோட்டத்து அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு நீண்டிருக்காது தம்பி. உங்கள் கோபம் கசிவின் மேல் இல்லை, ஆள்களின் மேல்.

கடைமடைக்காரன்:
ரெண்டின் மேலும்தான் அக்கா.

மேட்டுக்காட்டான்:
சரி, காரியத்துக்கு வருவோம். அடுத்த முறை தண்ணீர் திறந்ததும் இந்த இழையில் இருக்கிற ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்து மதகுக்குத் தண்ணீர் எந்தத் தேதியில் வந்தது, அளவுப் பலகை இருந்தால் அதில் எத்தனை அடி என்று போடலாம். ஊர்ப்பேர் போதும், ஆள் பேர் வேண்டாம். கிணறு வைத்திருப்பவர்கள் திறப்பதற்கு முன்னால் ஒருமுறை, நிறுத்திய பிறகு ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து போடுங்கள். ஓவர்சியர் ஐயா அதை ஒரு பட்டியலாகப் போட்டுத் தருவாரா?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
தருகிறேன். ஆனால் படத்தோடு போடுங்கள். வாய்க்கணக்கு வேண்டாம். பலகை அழிந்துபோயிருந்தால் மதகின் சுவரில் மேலிருந்து எத்தனை சாண் இறங்கித் தண்ணீர் இருக்கிறது என்று எடுங்கள், நான் கணக்குப் பண்ணிக்கொள்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் எடுப்பது முக்கியம். காலையிலும் ராத்திரியிலும் எடுத்தால் அந்தக் கல் கதையும் தெரிந்துவிடும்.

கடைமடைக்காரன்:
ராத்திரிப் படம் நான் எடுக்கிறேன். எங்கள் மதகுக்கு வந்துசேர்ந்தால்.